ஏழு உமா மகேஸ்வரிகளும் ஒரு நீல ஒயரும்

ஊரில் புத்திசாலிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால் தெரியாது. மற்றவர்களின் விலாசம் வேண்டுமானால் தருகிறேன். திருச்சி உறையூரில், மாவு மில்லுக்கும் ஹோமியோபதி டாக்டருக்கும் நடுவில், சுபத்திரா மகளிர் தையலகம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். புத்தியையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது உத்தமம். உள்ளே அது இடைஞ்சல்.

மொத்தம் நாலு பேர். கோதண்டம் முதலாளி, வாசல் மேஜையில் உட்கார்ந்து துணி வாங்கி வைப்பார். அவர் மனைவி சுபத்திரா திரைக்குப் பின்னால் அளவு எடுப்பாள். கோதண்டத்தின் தம்பி சிங்காரம் பின்கட்டில் துணி வெட்டுவார். சுபத்திராவின் தம்பி பிச்சைமணி மாடியில் தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு இறக்குவான். வேலை என்று எடுத்துக்கொண்டால் நாலு பேர் கையும் தங்கம். அதனால்தான் பதினாறு வருஷமாக நானும் அங்கேயே போய்த் தொலைகிறேன். கைக்கு மேலே, கழுத்துக்கும் மேலே இருக்கிற பாகத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவர்களிடம் ஓர் அளவு நோட்டு இருந்தது. மஞ்சள் அட்டை, தலையணை கனம். உறையூர்ப் பெண்கள் அத்தனை பேரின் இடுப்புச் சுற்றளவும் அதில் இருந்தது. வெளியே கசிந்திருந்தால் பாதிக் குடும்பங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்திருக்கும். நோட்டு ஒன்று, கேட்கிற இடம் நாலு. சுபத்திரா எழுதிக்கொண்டிருக்கும்போது சிங்காரம் பின்கட்டிலிருந்து கேட்பார், பிச்சைமணி மாடிப்படியில் நின்று கத்துவான். நாளைக்கு நாற்பது தடவை நோட்டு மாடி ஏறி இறங்கியது.

யாரோ சொல்லி எட்வின் என்கிற கம்ப்யூட்டர்காரர் வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வாசலில் ஒன்று, அளவு அறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று என்று நாலு பழைய கம்ப்யூட்டர்களை வைத்தார். நாலையும் நீல ஒயரால் இணைத்தார். பிறகு நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பாடம் நடத்தினார்.

"அண்ணே, அளவு எல்லாம் இந்த வாசல் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும். மத்த மூணும் ஒயர் வழியா இதை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வேற எங்கயும் எழுதி வைக்காதீங்க. ரெண்டு இடத்துல இருந்தா எது சரின்னு குழம்பிடும்."

"எழுத மாட்டோம்," என்றார் கோதண்டம்.

"இதை நகர்த்தாதீங்க, அணைக்காதீங்க. இது நின்னா மத்த மூணும் நின்னுடும்."

"சரி."

"ஒருத்தர் ஒரு பேரைத் திறந்து வச்சிருந்தா, அவங்க மூடுற வரைக்கும் மத்தவங்க கை வைக்கக் கூடாது. காத்திருங்க."

"காத்திருப்போம்."

"ஒரே பேரு ரெண்டு மூணு தடவை வந்திருந்தா ஒண்ணாச் சேர்த்துடுங்க. அப்புறம் ஒயரு. அதுல மடிப்பு விழாமப் பார்த்துக்கங்க. ஏதாவது சந்தேகம் இருக்கா?"

ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமே வராத ஆட்களை நான் நம்புவதே இல்லை. எட்வின் சந்தோஷமாக ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் மாடிப்படித் திருப்பத்தில் ஒயரில் ஒரு மடிப்பு இருப்பதைப் பிச்சைமணி பார்த்துவிட்டான். மடிப்பு எடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள உறையூரில் ஆள் இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, ஈரத்துணி விரித்து, பக்குவமாக ஒரே இழுப்பு. மடிப்பு போனது. ஒயரும் போனது.

எட்வின் திரும்பி வந்து கருகின ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நூல் துணிக்கு வைக்கிற சூடு வச்சுட்டேன் தம்பி," என்றான் பிச்சைமணி. "பட்டுக்கு வைக்கிறது வச்சிருக்கணும்."

புது ஒயர் வந்தது. சுபத்திரா பதினோரு நாள் உட்கார்ந்து நோட்டில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றி முடித்த பக்கத்தை உடனுக்குடன் கிழித்துச் சிங்காரத்திடம் கொடுத்தாள். அளவு வேறு எங்கேயும் இருக்கக் கூடாது இல்லையா. சிங்காரம் அந்தத் தாள்களைக் கை, முதுகு, பட்டி என்று மாதிரி வெட்டி ஆணியில் மாட்டினார். நல்ல கெட்டித் தாள் என்று பாராட்டு வேறு.

அப்போதுதான் உமா மகேஸ்வரி விவகாரம் கிளம்பியது. அந்தப் பெயர் ஏழு தடவை வந்திருந்தது. ஏழும் ஏழு பேர். பெண்கள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் ஓர் உமா மகேஸ்வரி. நாற்பத்துநாலு அங்குலம், நின்றால் கதவுக்கு வேலை இல்லை. என் பக்கத்து வீட்டு கௌசல்யாவின் மகள் இன்னோர் உமா மகேஸ்வரி. முப்பது அங்குலம், அதுவும் மூச்சை இழுத்தால்தான். மற்ற ஐந்து பேரும் இந்த இரண்டுக்கும் நடுவில் அங்கங்கே.

கடையை அரை நாள் சாத்திவிட்டு நாலு பேரும் கூடிப் பேசினார்கள். இதைச் சுபத்திராவே பிற்பாடு என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"ஒண்ணாச் சேர்க்கச் சொல்லியிருக்காரு. யாரை வச்சுக்கிறது, யாரை விடுறது?" என்றாள் சுபத்திரா.

"டீச்சரம்மாவை வச்சுக்குவோம் அண்ணி," என்றார் சிங்காரம். "மத்த ஆறு பேரும் அதுக்குள்ள அடங்கிடுவாங்க."

"அடங்குவாங்க, ஆனா துணி அடங்காதே," என்றான் பிச்சைமணி. "மாமா, நீங்க சொல்லுங்க."

கோதண்டம் மீசையைத் தடவி யோசித்தார். "ஒருத்தரை வச்சுக்கிட்டு ஆறு பேரை விட்டா அது பாரபட்சம். எல்லாத்தையும் கூட்டு. ஏழால வகு. யாருக்கும் அநியாயம் இல்லை."

மற்ற மூவரும் அந்த நியாயத்தைக் கேட்டுத் தலையாட்டினார்களாம். கண் கலங்கியதாகக்கூடச் சொன்னாள். கூட்டி வகுத்தார்கள். மார்பு முப்பத்தாறே கால். இரண்டு பேர் கையில்லாத ஜாக்கெட் போடுகிறவர்கள், மூன்று பேருக்கு அரைக் கை, இரண்டு பேருக்கு முழங்கை வரை. சராசரிக் கை ஒரு வழியாக வந்தது.

"கழுத்து?" என்றார் சிங்காரம்.

"பானைக் கழுத்து ரெண்டு, வட்டம் மூணு, சதுரம் ஒண்ணு, போட் நெக் ஒண்ணு."

சிங்காரம் சாக்கட்டியை எடுத்துத் தரையில் வரைந்து வரைந்து பார்த்தார். கடைசியில் ஒரு பக்கம் மட்டும் மூலை உள்ள முட்டை ஒன்று வந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது.

"கொக்கி?"

"நாலு பேருக்கு முன்னாடி, மூணு பேருக்குப் பின்னாடி."

இதுதான் கஷ்டமான இடம். கோதண்டம் எழுந்து இரண்டு நடை நடந்தார். "நாலு முன்னால இழுக்குது, மூணு பின்னால இழுக்குது. அப்ப கொக்கி அக்குள் பக்கமா, கொஞ்சம் முன்னால தள்ளி வரும்."

"இடதா வலதா மாமா?"

"அது அவங்கவங்க சௌகரியம். நாம இடதுல வைப்போம்."

முதலில் சிக்கினவர் பி.டி. டீச்சர். ஜாக்கெட் முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

"என்ன சுபத்திரா இது, எனக்கு நாற்பத்துநாலு."

"இல்லைங்க டீச்சர், உள்ள முப்பத்தாறே கால்தான் காட்டுது. வேணும்னா வந்து பாருங்க."

"உள்ள காட்டுறது இருக்கட்டும். வெளிய நான் நிக்கிறேனே, தெரியலையா?"

"நீங்க ஒரு இடத்துலதான் இருக்கீங்க டீச்சர். அது நாலு இடத்துல காட்டுது."

டீச்சர் ஜாக்கெட்டை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். விசில் ஊதாமல் போனதே நம் அதிர்ஷ்டம்.

இனி கௌசல்யாவின் மகள். அவளுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம், மாப்பிள்ளைக்கு ஓசூர். அரக்குப் பட்டு, அதோடு சேர்த்து நெய்த ஜாக்கெட் துணி. அந்தத் துணி அது ஒன்றுதான். கெட்டால் அதே நிறத்தில் இன்னொன்று நெய்து வாங்க ஒரு மாதம் ஆகும். சம்பந்தியம்மா அந்தப் பட்டை மூன்று ஊர் ஏறி இறங்கித் தேடி எடுத்தவர். கௌசல்யாவோ சம்பந்தியம்மா தும்மினாலே மன்னிப்புக் கேட்கிற ரகம்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நான், கௌசல்யா, கல்யாணப் பெண் மூன்று பேரும் போனோம். உமா திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தோள் இரண்டும் முழங்கையை விசாரிக்க இறங்கியிருந்தன. கழுத்தில் ஒரு மூலை. கொக்கி வரிசை இடது அக்குளுக்குக் கீழே ஓடியது.

"அம்மா, இதுக்குள்ள இன்னொருத்தரும் வரலாம்," என்றாள் உமா.

ஆறு பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. சுபத்திரா விளக்கினாள். விளக்க விளக்க கௌசல்யா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அளவு ஜாக்கெட் கொடுத்தாளே, அதைப் பார்த்துத் தைக்க வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் தப்பா இருந்துச்சு அக்கா," என்றார் கோதண்டம். "கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் ஒத்தே வரலை. பாவம், தெரியாம கொடுத்துட்டாங்க. அதையும் பிரிச்சு, ஒட்டுப் போட்டு, கம்ப்யூட்டர்ல இருக்கிற மாதிரி பண்ணிட்டோம்."

அளவு ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினார். அதிலும் கொக்கி அக்குளில் இருந்தது.

கௌசல்யா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். "வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னால என் பொண்ணு இதைப் போட்டுக்கிட்டு உட்காரணுமா அக்கா? அந்தம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நான் கோதண்டத்தைப் பார்த்தேன். "பெரிசாத்தானே இருக்கு, பிரிச்சுப் பிடிச்சுடலாம். உள்ளே இருக்கிற அளவை மாத்தி அடிங்க. இப்பவே."

"தாராளமா அக்கா. இந்தப் பேரை யாரு திறந்து வச்சிருக்கான்னு மட்டும் பார்க்கணும்."

பார்த்தார்கள். நாலு பேருமே திறந்து வைத்திருந்தார்கள். மற்ற மூவர் மூடட்டும் என்று நாலு பேருமே திங்கட்கிழமையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

"சிங்காரம், நீ மூடு," என்று கோதண்டம் குரல் கொடுத்தார்.

"அண்ணி மூடட்டும் அண்ணே. பெரியவங்க இருக்கும்போது நான் மூடினா மரியாதையா இருக்காது."

"மாமா மூடினா நானும் மூடிடுவேன்," என்று மாடியிலிருந்து பிச்சைமணி.

"நான் மூடினா நீங்கல்லாம் மூடினீங்களான்னு நான் எப்படிப் பார்க்கிறது?" என்றார் கோதண்டம்.

எட்வினுக்குப் போன் போட்டேன். மனிதர் காரைக்காலில் யாருக்கோ ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். "எல்லாரையும் மூடச் சொல்லுங்கம்மா. அப்புறம் ஒருத்தர் மட்டும் திறக்கட்டும்," என்றார். அப்படியே சொன்னேன். நாலு பேரும் ஒரே சமயத்தில் மூடினார்கள். அந்த ஒருத்தர் தான்தான் என்று நினைத்து நாலு பேரும் ஒரே சமயத்தில் திறந்தார்கள்.

இரண்டாம் தடவை. அதேதான். மூன்றாம் தடவை எட்வின் போனை எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

"கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடுங்க," என்றேன். "பொண்ணு இங்கேயே நிக்கிறா. டேப்பை எடுத்து அளந்து ஒரு காகிதத்துல எழுதிக்கங்க."

நாலு முகமும் வெளிறின. "காகிதத்துலயா? வேற எங்கயும் எழுதக் கூடாதே அக்கா."

"அப்ப கையில எழுதுங்க."

"கையும் வேற இடம்தானே."

மணி பன்னிரண்டு. கௌசல்யாவின் கைக்குட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது. கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சுபத்திரா, அளவு இப்ப எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

"அதுக்கு முன்னாடி?"

"நோட்டுல."

"அதுக்கும் முன்னாடி?"

சுபத்திரா மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கடைசியில் சிங்காரம்தான் சொன்னார், "பொண்ணு மேலயா அண்ணே?"

"அதான். ஒரே இடம். இதைவிட ஒரே இடம் வேற கிடையாது. கம்ப்யூட்டரை எடுத்துட்டு அங்க பொண்ணை உட்கார வைங்க."

வாசல் கம்ப்யூட்டரைத் தூக்கித் தையல் மிஷின் பெட்டிமேல் வைத்தார்கள். அது இருந்த மேஜையில் உமாவை உட்காரவைத்தார்கள். நீல ஒயரை எங்கே சொருகுவது என்று சின்னதாக ஒரு விவாதம். "கையில புடிச்சுக்கம்மா" என்று தீர்ப்பானது. அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். "புடிச்சுக்கோடி," என்றேன்.

ஆச்சரியம் என்னவென்றால், வேலை நடந்தது. பின்கட்டிலிருந்து சிங்காரம் "தோளு?" என்பார். சுபத்திரா அளந்து "பதிமூணு," என்பாள். எழுதக் கூடாதே, அதனால் பத்து நிமிஷத்தில் மறந்துபோய் மறுபடி "தோளு?" தோளை மட்டும் ஒன்பது தடவை அளந்தாள். சிங்காரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பிச்சைமணி வாயைத் திறக்கக் கூடாது. அவன் கேட்கும்போது இவர் திறக்கக் கூடாது.

உமா கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று ஒரு தடவை இறங்கினாள். மாடியில் மிஷின் சத்தம் நின்றது. பின்கட்டில் கத்தரிக்கோல் நின்றது. சுபத்திரா டேப்பைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். அது நின்றால் மற்ற மூன்றும் நின்றுவிட வேண்டும் இல்லையா. அவள் திரும்பி வந்து ஒயரைப் பிடித்ததும் மூன்றும் ஓட ஆரம்பித்தன.

இரண்டு மணிக்குக் கௌசல்யா தயிர் சாதப் பொட்டலம் வாங்கி வந்தாள். கோதண்டம் குறுக்கே கை நீட்டினார்.

"இப்ப வேண்டாம்மா. பிச்சைமணி இடுப்பைப் பார்த்துக்கிட்டிருக்கான். அவன் முடிக்கிற வரைக்கும் யாரும் மாத்தக் கூடாது."

"சாப்பிட்டா என்னங்க மாறும்?" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"இடுப்பு மாறும்ல அக்கா."

பெண் பட்டினி. நாலரை மணிக்குப் பிச்சைமணி ஜாக்கெட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினான். உமா போட்டுக்கொண்டு வந்தாள். நானும் பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், அப்படி ஒரு தையல் நான் பார்த்ததில்லை. தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. கழுத்து வட்டம், கொக்கி முதுகில். கௌசல்யா இன்னொரு ரவுண்டு அழுதாள், இந்தத் தடவை வேறு காரணத்துக்கு.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் நன்றாக நடந்தது. சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜாக்கெட்டைப் பார்த்து, "யாரு தச்சது?" என்று கேட்டார். கௌசல்யாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

தாலி கட்டி முடிந்து எல்லாரும் மேடை ஏறி வாழ்த்துகிற நேரத்தில் நாலு பேரும் வந்தார்கள். கையில் பரிசுப் பொட்டலம் இல்லை. பிச்சைமணி தோளில் ஒரு பெரிய நீல ஒயர்ச் சுருள்.

"மாப்பிள்ளை, பொண்ணு ஊருக்கு எப்பக் கிளம்புது?" என்று கோதண்டம் மரியாதையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைங்க."

"அங்க வீட்டுல எந்த ரூம்ல உட்காருவாங்க?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஏங்க?"

"இன்னும் ஆறு உமா மகேஸ்வரிக்கு ஜாக்கெட் நிக்குதுங்க. டீச்சரம்மா தினம் வந்து கத்துறாங்க. அளவு பொண்ணுகிட்டதான் இருக்கு. ஒயரை அது வரைக்கும் இழுத்துட்டா நாங்க இங்கிருந்தே பார்த்துக்குவோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை."

"ஓசூர் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் இருக்குமேங்க."

"கிட்டத்தட்டங்கிறது தையல்ல கிடையாது தம்பி," என்றார் கோதண்டம். "அரை அங்குலம் தப்பினாலும் இழுத்துப் பிடிக்கும்." கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். மணமேடையின் காலில் நுனியை வைத்துச் சுபத்திராவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயே அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்தியைச் சுற்றிக்கொண்டு, செருப்புக் குவியலைத் தாண்டி, வாசல் வாழைமரத்தைக் கடந்து நாலு பேரும் குனிந்தபடியே போனதைக் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

ஒன்பது நாள் கழித்து முசிறிப் பக்கம் அவர்களைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். அதற்கு மறுநாளே நாலு பேரும் அதே கல்யாண மண்டபத்து வாசலில் குனிந்துகொண்டிருந்தார்கள். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த நான் நின்றேன்.

"என்ன கோதண்டம், திரும்பி வந்துட்டீங்க?"

"முசிறி தாண்டினதும் எத்தனை அங்குலம்னு மறந்துபோச்சு அக்கா. அதான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம்."

"எழுதி வச்சிருக்கலாம்ல?"

கோதண்டம் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எங்க அக்கா எழுதுறது? பொண்ணுதான் ஓசூர்ல இருக்கே."